மிதிவண்டிக்குத் தலைக்கவசச் சட்டம் வேண்டுமா: தெளிவான ஒரு கருத்துக்கு வருவது எப்படி

மிதிவண்டி ஓட்டுவோர் தலைக்கவசம் அணிவதைச் சட்டம் கட்டாயமாக்க வேண்டுமா என்ற பேச்சு எழுந்தவுடன் இரண்டு அணிகள் பிரிந்து நிற்கின்றன. ஓர் அணி தலையில் அடிபட்டு உயிரிழந்தவர்களை நினைவூட்டுகிறது. மற்றோர் அணி, பெரும்பாலானோர் வெறுந்தலையோடு அன்றாடம் மிதிவண்டி ஓட்டும் நெதர்லாந்தைச் சுட்டிக்காட்டுகிறது. இரண்டும் உண்மைதான், ஆனால் அவை வெவ்வேறு கேள்விகளுக்கான விடைகள். உள்ளாட்சி மன்றமோ, பள்ளியோ, மிதிவண்டிக் குழுவோ இதைப் பற்றி உங்கள் கருத்தைக் கேட்கும்போது, உணர்ச்சியில் ஒரு பக்கம் சாய்ந்துவிடாமல் படிப்படியாக யோசித்து ஒரு முடிவுக்கு வர இந்த வழிகாட்டி உதவும்.

கேள்வியைப் பிரித்துக்கொள்ளுங்கள்

ஒரு தாளை எடுத்து மூன்று கேள்விகளைத் தனித்தனியாக எழுதுங்கள். கீழே விழும்போது தலைக்கவசம் தலையைக் காக்குமா? நானும் என் வீட்டுப் பிள்ளைகளும் அதை அணிய வேண்டுமா? அணியாமல் போகிறவரைக் காவலர் நிறுத்தி அபராதம் விதிக்க அரசுக்கு அதிகாரம் வேண்டுமா? முதல் கேள்விக்கு இயற்பியலும் மருத்துவமும் விடை சொல்லும். இரண்டாவது, அவரவர் வீட்டில் எடுக்கும் முடிவு. மூன்றாவது கேள்வியில் மட்டும், தலைக்கவசத்தின் பயனோடு சட்டத்தின் பக்கவிளைவுகளையும் எடைபோட வேண்டியிருக்கிறது. முதல் கேள்விக்கான விடையை மூன்றாவதற்கும் விடையாக எடுத்துக்கொள்வதால்தான் பெரும்பாலான விவாதங்கள் முட்டுச்சந்தில் போய் நிற்கின்றன.

என் நிலையை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். முதல் இரண்டு கேள்விகளுக்கும் என் விடை, தயக்கமின்றி, ஆம். மூன்றாவதற்கு, சிறுவர்களைப் பொறுத்தவரை நிபந்தனைகளோடு ஆம். பெரியவர்களைப் பொறுத்தவரை, பாதுகாப்பான சாலை அமைவதற்கு முன் அபராதத்தோடு கூடிய சட்டம் வரக் கூடாது. நீங்கள் வேறு முடிவுக்கு வரலாம். ஆனால் எந்தத் தகவலின் மேல் நின்று அந்த முடிவுக்கு வந்தீர்கள் என்று உங்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

தலைக்கவசம் என்ன செய்கிறது, எதைச் செய்யாது

மிதிவண்டித் தலைக்கவசத்தின் வேலையைச் செய்வது வெளியே பளபளக்கும் ஓடு அன்று. உள்ளே இருக்கும், தெர்மாகோல் என்று நாம் அழைக்கும், நுரைப்பொருள்தான். தலை தரையில் மோதும்போது அந்த நுரை நசுங்குகிறது. நசுங்க எடுத்துக்கொள்ளும் சில ஆயிரத்தில் ஒரு பங்கு நொடிகளில் தலையின் வேகம் சற்றே மெதுவாகக் குறைகிறது. அதனால் மண்டையோடும் மூளையும் தாங்க வேண்டிய விசை குறைகிறது. ஒருமுறை நசுங்கிய நுரை பழைய நிலைக்குத் திரும்பாது. விழுந்து அடிபட்ட தலைக்கவசத்தின் உட்பஞ்சை எடுத்துவிட்டு வெளிச்சத்தில் திருப்பிப் பாருங்கள்: ஓட்டில் ஒரு கீறல்கூட இல்லாதபோதும் நுரையில் மயிரிழை போன்ற விரிசலோ, ஓரிடத்தில் மட்டும் தட்டையான பள்ளமோ தென்படலாம். எதுவும் தென்படாவிட்டாலும், பலமாக மோதிய தலைக்கவசத்தை மறுபடி அணியக் கூடாது.

இதன் எல்லையையும் தெரிந்துகொள்ளுங்கள். ஐரோப்பாவின் இஎன் 1078 தரநிலையில், தட்டையான பரப்பின் மேல் தலைக்கவசத்தை மோதவிடும் வேகம் நொடிக்கு 5.42 மீட்டர், அதாவது மணிக்கு ஏறக்குறைய 19.5 கிலோமீட்டர். இது ஒன்றரை மீட்டர் உயரத்திலிருந்து விழுவதற்குச் சமம். 1999 முதல் நடைமுறையில் உள்ள அமெரிக்கத் தரநிலையில் அது நொடிக்கு 6.2 மீட்டர், இரண்டு மீட்டர் உயர வீழ்ச்சி. நிலைதடுமாறி ஓரமாகச் சாய்ந்து விழுகிறவரின் தலை தரையைத் தொடும் வேகத்துக்கு இது பொருந்துகிறது. ஆனால் வேகமாக வரும் கார் மோதினால் கணக்கே மாறிவிடும். வேகம் இரட்டிப்பாகும்போது ஆற்றல் நான்கு மடங்காகிறது. அப்படிப்பட்ட மோதலில் தலைக்கவசம் ஓரளவு உதவலாம், ஆனால் அதற்காக அது வடிவமைக்கப்படவில்லை. மேலும் இந்தப் பழைய சோதனைகள் நேர்க்குத்தான மோதலையே அளக்கின்றன. தலை சறுக்கித் திரும்பும்போது மூளைக்குள் ஏற்படும் சுழற்சி விசையைக் குறைக்க, சுவீடனில் உருவான மிப்ஸ் போன்ற நழுவும் உள்ளடுக்குகள் பின்னாளில்தான் வந்தன.

காயங்களைப் பற்றிய ஆய்வுகளுக்கு வருவோம். சியாட்டில் நகர மருத்துவமனைகளில் நடந்து 1989-ல் வெளியான புகழ்பெற்ற ஆய்வு ஒன்று, தலைக்கவசம் தலைக்காயத்தை 85 விழுக்காடு குறைப்பதாகச் சொன்னது. அந்த எண் இன்றும் விளம்பரங்களில் வலம்வருகிறது. ஆனால் பின்னர் வந்த தொகுப்பாய்வுகள் அதைவிடக் குறைவான பயனையே காட்டின. 2016-ல் வெளியான ஆலிவியர், கிரெய்ட்டன் ஆகியோரின் தொகுப்பாய்வு, அடிபட்ட 64,000-க்கும் மேற்பட்ட மிதிவண்டி ஓட்டுநர்களைப் பற்றிய 40 ஆய்வுகளை ஒன்றுசேர்த்தது. தலைக்கவசம் அணிந்திருந்தவர்களுக்குத் தலைக்காய வாய்ப்பு 51 விழுக்காடும், கடுமையான தலைக்காய வாய்ப்பு 69 விழுக்காடும், முகக்காய வாய்ப்பு 33 விழுக்காடும் குறைவாக இருந்தது. கழுத்துக் காயம் கூடுகிறது என்ற பழைய அச்சத்துக்கு அதில் ஆதாரம் கிடைக்கவில்லை. என்னைப் பொறுத்தவரை, முதல் இரண்டு கேள்விகளையும் இந்த ஒரு தொகுப்பே முடித்துவைக்கிறது.

எண்களைப் படிக்கும் முறை

மூன்றாவது கேள்விக்கு வரும்போது நிதானம் தேவை. மேலே சொன்ன ஆய்வுகள் எல்லாம் விபத்துக்குப் பின் மருத்துவமனைக்கு வந்தவர்களை ஒப்பிடுகின்றன. "அடிபட்டால் தலைக்கவசம் உதவுமா" என்பதற்குத்தான் அவை விடை தருகின்றன. "சட்டம் போட்டால் ஊரில் தலைக்காயம் குறையுமா" என்பதற்கு அல்ல. தானாக அணிகிறவர் பொதுவாகவே கவனமாக ஓட்டுகிறவராக இருக்கக்கூடும் என்பதையும் மறந்துவிடக் கூடாது.

சட்டத்தின் விளைவை அளக்கிறோம் என்று யாராவது ஒரு எண்ணை நீட்டினால், உடனே கேட்க வேண்டிய கேள்வி: எத்தனை பேர் ஓட்டினார்கள்? தலைக்காயங்கள் குறைந்தன என்பது மட்டும் போதாது. பாதிப் பேர் மிதிவண்டியை மூலையில் சாய்த்துவிட்டு வேறு வாகனத்துக்கு மாறியிருந்தால், காயங்கள் தாமாகவே குறைந்திருக்கும். அதைப் பாதுகாப்பு என்று சொல்ல முடியாது. இந்தக் குழப்பத்தைத் தவிர்க்க ஆய்வாளர்கள் ஒரு நல்ல உத்தியைக் கையாளுகிறார்கள். தலைக்காயங்களைக் கைக்காயங்களோடு ஒப்பிடுகிறார்கள். ஓட்டுபவர் எண்ணிக்கை குறைந்தால் இரண்டும் சேர்ந்தே குறையும்; தலைக்காயம் மட்டும் கூடுதலாகக் குறைந்திருந்தால் அது தலைக்கவசத்தின் வேலை. ஆஸ்திரேலியாவின் நியூ சவுத் வேல்ஸ் மாநிலத் தரவுகளை இந்த முறையில் அலசிய 2011-ஆம் ஆண்டு ஆய்வு, அங்கே 1991-ல் வந்த சட்டத்துக்குப் பின் கைக்காயங்களைவிடத் தலைக்காயங்கள் கூடுதலாகக் குறைந்ததைக் காட்டியது.

ஆனால் கனடாவின் மாநிலங்களை ஆராய்ந்து 2013-ல் வெளியான ஆய்வு ஒன்று வேறு செய்தி சொன்னது. அங்கே சட்டம் வருவதற்கு முன்பிருந்தே தலைக்காயங்கள் குறைந்துகொண்டிருந்தன. அந்தப் போக்கைக் கணக்கில் எடுத்த பின், சட்டத்தால் கூடுதலாக ஏற்பட்ட மாற்றம் மிகச் சிறியதாகவே தெரிந்தது. ஆகவே இரண்டாவதாகக் கேட்க வேண்டியது: சட்டத்துக்கு முந்தைய ஆண்டுகளில் கோடு எந்தத் திசையில் போய்க்கொண்டிருந்தது? "முன்பு இவ்வளவு, பின்பு இவ்வளவு" என்று இரண்டே எண்களைக் காட்டும் எந்த வாதத்தையும், அது எந்தப் பக்கத்திலிருந்து வந்தாலும், அப்படியே ஏற்காதீர்கள்.

தலைக்கவசம் அணிந்தவரைக் கார் ஓட்டுநர்கள் நெருக்கமாகக் கடக்கிறார்கள் என்ற வாதமும் அடிக்கடி வரும். அதன் மூலம் 2007-ல் இங்கிலாந்தில் இயன் வாக்கர் வெளியிட்ட ஆய்வு. சராசரி வேறுபாடு 8.5 சென்டிமீட்டர். அதே தரவுகளை 2013-ல் மறுபடி அலசியவர்கள், ஆபத்தான நெருக்கத்துக்கும் தலைக்கவசத்துக்கும் தொடர்பு தெரியவில்லை என்றார்கள். இந்த வாதத்தின் மேல் பெரிய முடிவு எதையும் கட்ட வேண்டாம்.

சட்டம் வந்த இடங்களில் நடந்தவை

உலகிலேயே முதன்முதலாக எல்லா வயதினருக்கும் இதைக் கட்டாயமாக்கியது ஆஸ்திரேலியாவின் விக்டோரியா மாநிலம்; நாள் 1990 ஜூலை 1. அந்த ஆண்டு மார்ச்சில் 31 விழுக்காடாக இருந்த அணியும் வழக்கம், அடுத்த மார்ச்சில் 75 விழுக்காட்டை எட்டியது. பத்து ஆண்டுகளாகப் பள்ளிகளிலும் ஊடகங்களிலும் பரப்புரை செய்த பிறகே அங்கே சட்டம் வந்தது என்பது பலரும் சொல்லாமல் விடும் செய்தி. அதே வேளையில், சட்டத்துக்குப் பின் மெல்போர்ன் தெருக்களில் எண்ணிப்பார்த்தபோது பதின்ம வயதினர் கணிசமாகக் குறைந்திருந்தனர். நியூசிலாந்து 1994 ஜனவரி 1 முதல் எல்லா வயதினருக்கும் கட்டாயமாக்கியது.

மற்ற நாடுகள் இடைப்பட்ட பாதைகளைத் தேர்ந்தெடுத்தன. சுவீடனில் 2005 முதல் 15 வயதுக்குட்பட்டோருக்கு மட்டும் சட்டம் உண்டு. ஸ்பெயினில் 2004-லிருந்து ஊருக்கு வெளியே உள்ள சாலைகளில் அனைவருக்கும் கட்டாயம்; நீண்ட ஏற்றத்திலும் கடும் வெயிலிலும் விலக்கு உண்டு. ஊருக்குள் 16 வயதுக்குட்பட்டோருக்கு மட்டும் 2014-ல் அதை நீட்டித்தார்கள். பிரான்சில் 2017 மார்ச் முதல் 12 வயதுக்குட்பட்ட பிள்ளைகள், தாமே ஓட்டினாலும் பின்னால் உட்கார்ந்து போனாலும், அணிந்தாக வேண்டும்; அணியாவிட்டால் அபராதம் உடன்வரும் பெரியவருக்கு. ஜப்பான் 2023 ஏப்ரல் 1 முதல் எல்லா வயதினரும் தலைக்கவசம் அணிய முயல வேண்டும் என்பதைக் கடமையாக்கியது. மீறினால் அபராதம் கிடையாது. சட்டம் என்றால் தண்டனை என்று நினைப்பவர்கள் இந்தக் கடைசி எடுத்துக்காட்டைக் கவனிக்க வேண்டும்.

திரும்பப் பெற்ற இடங்களும் உண்டு. வாடகை மிதிவண்டித் திட்டம் தொடங்கியபோது மெக்சிகோ நகரம் 2010-ல் கட்டாயத்தை நீக்கியது. இஸ்ரேல் 2011-ல் நகருக்குள் ஓட்டும் பெரியவர்களுக்கு விலக்கு அளித்தது. வழியில் கண்ட மிதிவண்டியை எடுத்து ஓட்ட நினைப்பவர் கையில் தலைக்கவசம் இருப்பதில்லை என்பதுதான் இதற்குக் காரணம். மெல்போர்னில் 2010-ல் தொடங்கிய வாடகைத் திட்டம், வண்டிகளோடு தலைக்கவசங்களையும் கொடுத்துப் பார்த்தும், எதிர்பார்த்த கூட்டம் சேராமல் 2019-ல் மூடப்பட்டது.

என் கருத்தை அதிகம் மாற்றியது அமெரிக்காவின் கிங் கவுன்டி. சியாட்டில் நகரம் அடங்கிய அந்த வட்டாரத்தில், கட்டாயச் சட்டத்தை 2022 பிப்ரவரியில் சுகாதார வாரியமே நீக்கியது. தலைக்கவசத்தின் பயனை அந்த வாரியம் மறுக்கவில்லை. அணியுங்கள் என்று தொடர்ந்து வலியுறுத்தியது. ஆனால் அபராதச் சீட்டுகளைப் புரட்டிப் பார்த்தபோது, அவற்றில் கணிசமான பங்கு வீடற்றவர்களுக்கும், மக்கள்தொகையில் தங்கள் பங்குக்கு மிஞ்சிய அளவில் கறுப்பின மக்களுக்கும் போயிருந்தது. உயிர்காக்க எழுதிய சட்டம், காவலர் யாரை நிறுத்த விரும்புகிறாரோ அவரை நிறுத்தும் சாக்காக மாறியிருந்தது. எந்த நாட்டில் வாழ்பவரும் தம் தெருவைக் கண்முன் கொண்டுவந்து இதைக் கேட்டுப் பார்க்க வேண்டும்: விலையுயர்ந்த பந்தய வண்டியில் வருகிறவரையும், பின்னிருக்கையில் மூட்டை கட்டிக்கொண்டு வேலைக்குப் போகிறவரையும் காவலர் ஒரே மாதிரி நிறுத்துவாரா?

பந்தயக் களத்தை ஆதாரமாகக் காட்டுகிறவர்களுக்கு ஒரு சொல். 1991-ல் கட்டாயத்தை எதிர்த்து வீரர்களே போராடியதால் உலக மிதிவண்டிச் சங்கம் பின்வாங்கியது. 2003 மார்ச்சில் பாரிஸ்–நீஸ் பந்தயத்தில் ஆந்திரே கிவிலெவ் விழுந்து இறந்த பிறகே அது விதியானது. சரியான விதிதான். ஆனால் இறக்கத்தில் ஒருவரையொருவர் உரசிக்கொண்டு பறப்பவர்களுக்கான விதியை, காய்கறி வாங்கப் போகும் பாட்டிக்கு அப்படியே பொருத்த முடியாது.

வரைவைக் கையில் எடுத்துப் படிக்கும்போது

சட்ட வரைவோ பள்ளி விதியோ உங்கள் முன் வந்தால், "கட்டாயம்" என்ற சொல்லைத் தாண்டி உள்ளே போங்கள். யாருக்கு, எந்தச் சாலையில், மீறினால் என்ன, பொறுப்பு யார் மேல் என்பவைதான் அந்தச் சட்டம் எப்படி நடக்கும் என்பதைத் தீர்மானிக்கின்றன. ஆஸ்திரேலியாவின் வடக்கு ஆட்சிப்பகுதியில், நடைபாதையிலும் மிதிவண்டித் தடத்திலும் ஓட்டும் பெரியவர்களுக்கு விலக்கு உண்டு. சாலையில் இறங்கினால் அணிய வேண்டும். ஆபத்து இருக்கும் இடத்தைப் பார்த்து விதி வகுப்பது எனக்கு நியாயமாகப் படுகிறது. தலைப்பாகை போன்ற மத அடையாளம் அணிபவர்களுக்கும், மருத்துவக் காரணம் உள்ளவர்களுக்கும் வழி இருக்கிறதா என்று பாருங்கள். முதல் மீறலுக்கு எச்சரிக்கையா, தலைக்கவசம் வாங்கி வந்து காட்டினால் அபராதம் தள்ளுபடியா, ஏழைப் பிள்ளைகளுக்கு இலவசமாக யார் தருவார்கள் என்றும் கேளுங்கள். இந்த மூன்றுக்கும் விடை இல்லாத வரைவு, வசூலுக்கான வரைவு என்றே நான் கருதுவேன்.

அடுத்து, "சரியாக அணிதல்" என்றால் என்ன என்று வரைவு சொல்கிறதா என்று பாருங்கள். பின்னந்தலைக்குச் சரிந்து, நெற்றி முழுவதும் வெளியே தெரிய, தாடைவார் தொங்க ஓட்டும் பிள்ளைகளைப் பள்ளி வாசலில் பார்க்கிறோம். சட்டத்தின் எழுத்துப்படி அவர்கள் அணிந்திருக்கிறார்கள். விழுந்தால் முதலில் தரையைத் தொடுவது வெறும் நெற்றி. தலைக்கவசம் மட்டமாக உட்கார வேண்டும். புருவத்துக்கும் அதன் விளிம்புக்கும் இடையில் இரண்டு விரல் அகலமே இருக்க வேண்டும். பின்னால் உள்ள திருகை இறுக்கியதும், வாரைப் பூட்டாமலேயே தலையை ஆட்டினால் அது நகரக் கூடாது. இரு பக்க வார்களும் காதுமடலுக்குச் சற்றுக் கீழே ஒன்றுசேர வேண்டும். தாடைவாருக்கும் தோலுக்கும் நடுவே ஒரு விரல் நுழையலாம். பிள்ளையை வாயை அகலத் திறக்கச் சொன்னால், தலைக்கவசம் உச்சந்தலையில் அழுந்துவதை அது உணர வேண்டும். வார் கழுத்தில் உரசுகிறது என்று தளர்த்திவிட்டுக் கொடுப்பதைவிட, உரசும் இடத்தில் மென்துணி சுற்றிக் கொடுப்பது நல்லது. ஊஞ்சலிலும் சறுக்கிலும் ஏறும் முன் அதைக் கட்டாயம் கழற்றச் செய்யுங்கள். இடுக்கில் சிக்கும் தலைக்கவசத்தின் வார் குழந்தையின் கழுத்தை இறுக்கிவிடும். இதற்காகவே, இழுத்தால் தானாகத் திறக்கும் கொக்கியுள்ள சிறுவர் வகைக்கு இஎன் 1080 என்ற தனித் தரநிலை இருக்கிறது.

கடைசியாக, அதே வரைவில் சாலையைப் பற்றி ஒரு வரியாவது இருக்கிறதா என்று தேடுங்கள். தலைக்கவசம் விபத்துக்குப் பின் வேலை செய்கிறது; தனித்தடமும் வேகக் கட்டுப்பாடும் விபத்துக்கு முன்பே வேலை செய்கின்றன. மிதிவண்டி ஓட்டுபவர்கள் இரட்டிப்பானால் ஒவ்வொருவருக்கும் உள்ள ஆபத்து ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு குறைகிறது என்று 2003-ல் ஜேக்கப்சன் என்பவர் பல நகரங்களின் தரவுகளிலிருந்து கணக்கிட்டார். கூட்டம் பெருகியதால் சாலை பாதுகாப்பானதா, பாதுகாப்பான சாலையால் கூட்டம் பெருகியதா என்பது இன்னும் விவாதத்தில் உள்ளது. எப்படியிருந்தாலும் ஓட்டுபவர்களைக் குறைக்கும் விதியை எச்சரிக்கையோடு அணுக இது போதுமான காரணம்.

உங்கள் கருத்தை எழுதி அனுப்பும் முன்

ஊரின் நிலவரத்தை நீங்களே எண்ணிப் பாருங்கள். பள்ளி விடும் நேரத்தில் ஒரு முறையும், காலையில் வேலைக்குப் போகும் நேரத்தில் ஒரு முறையும் ஒரு சந்திப்பில் நின்று, கடக்கும் மிதிவண்டிகளை ஒரு மணி நேரம் கோடு போட்டுக் குறியுங்கள். சிறுவர், பெரியவர், ஆண், பெண் என்று பிரித்து, அணிந்தவர், சரியாக அணிந்தவர் என்று இரண்டு பத்திகள் வையுங்கள். வானிலையையும் எழுதி வையுங்கள். மழை நாளை வெயில் நாளோடு ஒப்பிடக் கூடாது. யாரையும் படம் எடுக்க வேண்டாம். அணிபவர்கள் ஏற்கெனவே பெரும்பான்மையாக இருந்தால் சட்டம் அந்த வழக்கத்தை உறுதிப்படுத்தும். நூற்றில் சிலரே அணிந்தால், அங்கே முதலில் தேவைப்படுவது விக்டோரியா செய்தது போன்ற நீண்ட பரப்புரையும் மலிவான தலைக்கவசமும்தான்.

பிறகு கடிதத்தை எழுதுங்கள். எடுத்த எடுப்பில் ஆதரவா எதிர்ப்பா என்று ஒரே சொல்லில் நிற்காமல், எந்த வயதினருக்கு, எந்தச் சாலைகளில், என்ன தண்டனையோடு ஏற்கிறீர்கள் என்று குறிப்பிடுங்கள். நான் எழுதினால் இப்படி எழுதுவேன்: 14 வயது வரை கட்டாயம், பொறுப்பு உடன்வரும் பெரியவருக்கு, முதல் முறை எச்சரிக்கையும் இலவசத் தலைக்கவசமும், பெரியவர்களுக்கு ஜப்பானில் உள்ளது போல் அபராதமற்ற கடமை, நிறுத்தப்பட்டவர்களின் வயது, இடம், பின்னணி ஆகியவற்றை, பெயர் இல்லாமல், ஆண்டுதோறும் வெளியிடும் கட்டாயம். மூன்று ஆண்டுகளுக்குப் பின் இந்தச் சட்டம் தானாகக் காலாவதியாக வேண்டும். மிதிவண்டிப் போக்குவரத்தின் அளவையும், கைக்காயங்களோடு ஒப்பிட்ட தலைக்காயங்களின் விகிதத்தையும் மன்றத்தின் முன் வைத்து விவாதித்த பிறகே அதைப் புதுப்பிக்கலாம் என்ற விதியையும் அதில் சேர்த்துக் கேட்பேன்.